ஆனைநெருஞ்சி சுற்றிய மோர்

போன வாரம் பழனி ரோட்டுப் பக்கம், மனை பிரித்துக் கல் ஊன்றிய காடொன்றில் நடந்துகொண்டிருந்தேன். செருப்புக்கடியில் ஏதோ நசுங்கியது. நசுங்கியதும் அது எழுந்தது. வாசம் என்பதா, நாற்றம் என்பதா? இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒன்று. வெயிலில் காய்ந்த ஆட்டுத்தோலும் கஸ்தூரி மஞ்சளும் ஒரே பெட்டிக்குள் கிடந்தாற்போல. குனிந்து பார்த்தேன். ஆனைநெருஞ்சி. தரையோடு தரையாகப் படுத்து, மஞ்சள் பூவை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னடி, மறந்துட்டியா?" என்று கேட்கிற மாதிரி கிடந்தது.

மறக்கவில்லை. என் வயதுக்காரிகளே, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மழை விழுந்தால் முளைக்கும், பூக்கும், நாலு மூலையிலும் முள் வைத்த காயைக் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். யாரும் விதைப்பதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. சதைப்பற்றான அதன் இலையில் பனி பூத்தாற்போல ஒரு மினுமினுப்பு இருக்கும். நாம் எண்ணெய்க் கடை வைத்தது அதை வைத்துத்தானே?

ஞாபகம் வருகிறதா? கொட்டாங்கச்சியில் தண்ணீர். ஒரு கொத்து ஆனைநெருஞ்சியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, அந்தத் தண்ணீருக்குள் விட்டுச் சுற்றச் சுற்ற, தண்ணீர் மெல்ல மெல்லக் கனக்கும். விரலில் தொட்டுத் தூக்கினால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நூலாக இறங்கும். நிறம் மாறாது, ருசி மாறாது, ஆனால் தண்ணீர் தண்ணீராக இருக்காது. "விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், யாருக்கு வேணும்?" என்று பூவரச இலையில் ஊற்றி விற்போம். மத்தியானம் சாப்பிடப் போய்விட்டு வந்து பார்த்தால் கடை திவால். கொட்டாங்கச்சியில் வெறும் தண்ணீர் நிற்கும். அதன் குணம் அது. கொஞ்ச நேரத்துக்குத்தான் கனம். அப்புறம் தன்னால் இளகிப் பழையபடி ஆகிவிடும்.

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவில் பெரியவர்கள் எல்லாரும் இதை மறந்துபோயிருந்தார்கள். அவர்களும் ஒரு காலத்தில் எண்ணெய்க் கடை வைத்தவர்கள்தான்.

நயா பைசா வந்த புதிது. எங்கள் தெரு முனையில் முதல் விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். காற்று மேற்கிலிருந்து திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை தெருவுக்குள் வரும். கிழக்கிலிருந்து வந்தால் பூட்டுப் பட்டறைகளின் அரம் ராவுகிற சத்தம். எங்கள் வீட்டை நடத்தியது அப்பாவின் அக்கா, என் அத்தை. சின்ன வயதிலேயே தாலி அறுத்து வந்தவள். இடுப்பில் சாவிக்கொத்து. அது குலுங்குகிற சத்தத்தை வைத்தே அவள் கோபத்தை அளந்துகொள்வோம். சித்தி ஆயக்குடிப் பக்கத்துக்காரி. கொய்யாத் தோட்டத்து வீட்டுப் பெண். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து வருஷங்கள் ஆகியும் மடி நிறையவில்லை.

சித்தியின் பேச்சு எங்கள் தெருவுக்கு ஒரு வேடிக்கை. எல்லாருக்கும் 'ங்க' போடுவாள். எருமைக்குத் தவிடு வைக்கும்போதுகூட, "செத்த தள்ளி நில்லுங்க" என்பாள். எதிர்வீட்டுப் பூட்டுக்கடையம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"ஏம்மா, ஆயக்குடியில நாய்க்கும் மருவாதிதானா?"

"அது ஒண்ணும் காசு குடுத்து வாங்கறது இல்லீங்களே" என்பாள் சித்தி.

தெருவுக்கு மோர் கொண்டுவருகிற பெண்ணுக்கும் அவள் அதே மருவாதியைத்தான் கொடுத்தாள். மற்றவர்களுக்கு அவள் "ஏ மோரு!" அல்லது "ஏ மோர்க்காரி!" சித்திக்கு மட்டும் "வாங்கக்கா." முதல்முறை கேட்டபோது மோர்க்காரம்மா தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் ஒரு பட்டியிலிருந்து வருவாள். தலையில் சும்மாடு, அதன்மேல் பெரிய பானை, அதன்மேல் நடுப்பானை, உச்சியில் ஒரு கரிய சின்னக் கலயம். கையை விட்டுவிட்டு நடப்பாள். பானைகள் அவள் கழுத்தின் பேச்சைக் கேட்கும். மூங்கில் நாழியில் அளந்து ஊற்றும்போது கடைசியில் ஒரு சொட்டு கொசுறாக விழும். அந்த மூங்கில் நாழி இப்போது எந்தக் கடையிலும் இல்லை. அது உதட்டில் படும்போது வருகிற புளித்த பச்சை வாசமும் இல்லை.

அந்த வருஷம் கோடை மழை இரண்டு தடவை இறங்கி ஏமாற்றிவிட்டுப் போனது. அப்புறம் வெயில். ஊர் முழுக்க நீர்க்கடுப்பு. வைத்தியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஆனைநெருஞ்சியைச் சுற்றிய தண்ணீரையோ மோரையோ விடியலில் வெறும் வயிற்றில் குடிப்பது. ஆம்பளைகள் வெளிப்படையாகவே குடித்தார்கள். தோல்மண்டி பாய் தெருவில் நின்றுகொண்டே அண்ணாந்து குடித்துவிட்டு, "அல்லாவே, ஒண்ணுக்குப் போறதுல இம்புட்டு சொகமா!" என்று சத்தமாகச் சொல்லுவார். யாரும் முகம் சுளிக்கவில்லை.

அதே செடியைப் பொம்பளைகள் கேட்டால் கதை வேறு. வெள்ளைபடுதலுக்கும் அதுதான் மருந்து. "யாருக்கு? எதுக்கு? எத்தன நாளா?" என்று கேள்வி வரும். கேள்விக்குப் பின்னால் தீர்ப்பு வரும். நோய்க்காரி, சூட்டுடம்புக்காரி, அதனால்தான் கரு தங்கவில்லை. நிலக்கோட்டையில் பூக்காட்டுக்காரர் வீட்டில் சித்தப்பாவுக்கு இரண்டாம் தாரமாக ஒரு பெண் இருக்கிறதென்று அத்தை காதுக்குச் சேதி வந்துகொண்டிருந்த நேரம் அது. பிள்ளையில்லாத சித்தி வீட்டில் இருந்தாள். நோய்க்காரி என்று பெயரும் சேர்ந்துவிட்டால் ஆயக்குடிக்கு பஸ் ஏறவேண்டியதுதான். சித்திக்கு அது தெரியும்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் உட்காருவதை, துணியைத் தனியாக அலசி எருக்குழி மறைவில் காயப்போடுவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அர்த்தம் தெரியாது. மோர்க்காரம்மாவுக்குத் தெரிந்தது. கொல்லைவாசலில் மோர் ஊற்றும்போது ஒரு நாள் கேட்டாள்.

"மூஞ்சி ஏன் தாயி இப்பிடி வெளிறிக் கெடக்கு? வெள்ள படுதா?"

சித்தி என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். சாவிக்கொத்துச் சத்தம் எங்கோ உள்ளே இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

"நீ செடியத் தொட வேணாம். நான் வார வழியில பறிச்சு, தெரு மொனையில வச்சுச் சுத்திக் கொண்டாரேன். இந்தச் சின்னக் கலயம் ஒனக்கு. வாங்குன ஒடனே குடிச்சிப்புடணும், என்ன?"

அன்றிலிருந்து உச்சிக் கலயம் சித்தியுடையது. மோர்க்காரம்மா மற்ற வீடுகளைத் தாண்டி எங்கள் கொல்லைக்குத்தான் முதலில் வருவாள். சித்தி நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். தொண்டையில் அது இறங்குவதே தெரியாது. எனக்கும் விரலில் ஒரு நூல் தொட்டு வைப்பாள். வழுக்கிக்கொண்டு போகும். ஒரு மாதம் போனதும் சித்தி கொல்லையில் துணி துவைக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாட ஆரம்பித்திருந்தாள்.

அப்புறம் ஒரு காலை. பூட்டுக்கடையம்மா வீட்டுக்கு விடியலிலேயே விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அவள் தெரு முனையிலேயே மோர்க்காரம்மாவை நிறுத்திவிட்டாள்.

"ஏ மோரு, எறக்கு. வந்தவுகளுக்குக் குடிக்கக் குடு."

"செத்த இருங்க தாயி, அந்தக் கொல்லைக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"அவுக என்ன உசத்தி, நாங்க என்ன எளப்பமா?" என்று சொல்லிக்கொண்டே பானைகளை இறக்கவைத்து, கை நீட்டி உச்சிக் கலயத்தை எடுத்துச் செம்பில் சரித்தாள். மோர் விழவில்லை. தொங்கியது. கலயத்துக்கும் செம்புக்கும் நடுவில் பளபளவென்று ஒரு கயிறு.

"அடி ஆத்தீ! மூக்குச்சளி மாதிரியில்ல வருது! நெருஞ்சியக் கலக்கியிருக்காடி!"

நெருஞ்சி சுற்றித் தண்ணி மோரைக் கெட்டி மோராக்கி விற்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட திருட்டு. அந்தக் கயிற்றைப் பார்த்த எந்தப் பொம்பளைக்கும் வேறு எதுவும் தோன்றியிருக்காது. அதே செடியைத் தங்கள் வீட்டு ஆம்பளைகளுக்கு அவர்களே சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் தோன்றவில்லை. தெரு கூடிவிட்டது.

"அது விக்கிற மோரு இல்ல தாயி."

"பெறகு?"

"எனக்குக் குடிக்க. நீர்க்கடுப்பு."

"ஓகோ, மகாராணிக்குத் தனிக் கலயமோ? தெருத் தெருவாத் தலையில சொமந்து வந்துதான் குடிப்பீகளோ?"

சிரித்தார்கள். சித்தி எங்கள் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். மோர்க்காரம்மா கூட்டத்தில் எல்லாரையும் பார்த்தாள், எங்கள் வாசலை மட்டும் பார்க்கவில்லை. கழுத்தை அவ்வளவு கவனமாகத் திருப்பாமல் வைத்திருந்தாள், பானைகள் இன்னும் தலைமேல் இருப்பதுபோல.

அத்தை வந்தாள். சாவிக்கொத்து குலுங்கவில்லை. அதுதான் பயம். செம்பில் இருந்ததைத் திருப்பிக் கலயத்தில் ஊற்றச் சொல்லி, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, "பொழுது சாய ஆம்பளைக வரட்டும். அவுக முன்னால தொறப்போம். இனி இந்தத் தெருவுல கால் வைக்கலாமா கூடாதான்னு அப்பச் சொல்றோம்" என்றாள். கலயம் எங்கள் அடுப்படி மூலைக்கு வந்தது.

அந்தப் பகல் முழுவதும் மோர்க்காரம்மா விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தெருவை விட்டுப் போகலாம் என்றால் போயிருக்கலாம். போனால் திருடி என்று ஆகிவிடும். பக்கத்து ஊர்த் தெருக்களுக்கும் அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் நடந்துபோய்விடும். மற்ற இரண்டு பானைகளும் வெயிலில் புளித்துப் பொங்கின. அந்தப் புளிப்பு தெருவெங்கும் இருந்தது. சித்தி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். என் கையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து அனுப்பினாள்.

மோர்க்காரம்மா ஒரே மூச்சில் குடித்தாள். செம்பைத் திருப்பித் தந்தாள்.

"ஒங்க சித்திகிட்டச் சொல்லு. வாயத் தொறக்க வேணாம். எனக்கு இந்தத் தெரு இல்லாட்டி இன்னொரு தெரு. அந்தப் புள்ளைக்கு இன்னொரு வீடு இல்ல."

சொன்னேன். சித்தி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே துணி கட்டிய கலயம்.

பொழுது சாய்ந்தது. ஆம்பளைகள் வந்தார்கள். தோல்மண்டி பாயை நடுவில் நிற்க வைத்தார்கள். அப்பா, சித்தப்பா, பூட்டுக்கடைக்காரர் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அத்தை கலயத்தைக் கொண்டுவந்து துணியை அவிழ்த்தாள்.

"பாருங்க, நூலு நூலாத் தொங்கும்" என்று சரித்தாள்.

சளசளவென்று கொட்டியது. மோர். வெறும் மோர். பாய் குனிந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது என்னத்தாங் கெட்டி? எங்க வீட்டு நோம்புக் கஞ்சி இதவிடக் கெட்டியா இருக்குமே தாயி!"

ஆம்பளைகள் சிரித்தார்கள். பூட்டுக்கடையம்மா ஒரு அடி பின்னால் போனாள். "மதினிதான் கெட்டி கெட்டின்னாக" என்றாள் அத்தையைக் காட்டி, மெதுவாக. கலயத்தை முதலில் சரித்தவள் அவள்தான். அத்தை தெரு நடுவில் தனியாக நின்றாள். அவள் பேச்சைக் கேட்டுத் தெரு சிரித்தது அதுவே முதல்முறை. அவமானப்பட்டவர்களுக்குப் பழி போடப் பக்கத்திலேயே ஒரு ஆள் தேவைப்படும். அத்தை திரும்பினாள்.

"நான் கண்ணாலப் பாத்தேன். மாத்தியிருக்காக. என் வீட்டுக்குள்ளயே மாத்தியிருக்காக. பகல் பூராம் அடுப்படிய விட்டு நகராம இருந்தவ யாரு? நீதானடி? இவளுக்கும் ஒனக்கும் என்ன உறவு? 'வாங்கக்கா, போங்கக்கா'ன்னு!"

சித்தப்பா தரையைப் பார்த்தார். சித்தி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த இடத்தில்தான், தோழிகளே, நான் எத்தனை தடவை நின்றிருக்கிறேன். மோர்க்காரம்மா விடுதலையாகிவிட்டாள். பானைகளைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கலாம். கம்பத்தடியிலிருந்து எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"அந்தப் புள்ளைய ஏன் இழுக்குறீக? யாரும் மாத்தல. நெருஞ்சிதான். நாந்தான் சுத்துனேன். கெட்டியாக் காட்டி விக்கத்தான். பொழுதேறுனா இளகித் தண்ணியாப் போயிரும். அதான் காலங்காத்தாலயே வித்துத் தீத்துப்புடுறது. போதுமா?"

செய்யாத திருட்டை அவ்வளவு பக்குவமாக ஒப்புக்கொண்ட ஒருத்தியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

"ஒடைங்கடி கலயத்த!" என்று பூட்டுக்கடையம்மா பாய்ந்து, அத்தை கையிலிருந்து அதைப் பிடுங்கித் தூக்கிவிட்டாள். அப்போது சித்தி படியிறங்கினாள். தூக்கிய கையைப் பிடித்தாள். கலயத்தை வாங்கிக்கொண்டாள்.

"ஒடைக்காதீங்க. இது எனக்கு வந்த மோருங்க."

சித்தி அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"அவங்க விக்கறதுக்குக் கொண்டாரலீங்க. எனக்காகச் சுத்திட்டு வந்தாங்க. எனக்குத்தானுங்க வெள்ளை படுது. ரொம்ப நாளாவே. சொல்லப் பயமா இருந்துச்சுங்க."

மோர்க்காரியை 'அவங்க' என்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்ன குரல் அது. சொல்லிவிட்டு, கலயத்தில் மிச்சமிருந்த இளகிப்போன மோரை எல்லார் முன்னாலும் குடித்து முடித்தாள். பாய் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே, "வாங்கப்பா, நமக்கு இங்க என்ன வேல" என்று ஆம்பளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். சித்தப்பாவும் கூடப் போனார்.

"உள்ள வா" என்றாள் அத்தை. அவ்வளவுதான்.

'உடம்பு தேறட்டும், கொஞ்ச நாள் ஆயக்குடியில இருக்கட்டும்' என்று முடிவானது. அதற்கு அர்த்தம் எங்கள் வீட்டு எருமைக்குக்கூடத் தெரியும். ஆனால் புறப்படுவதற்கு முந்தின மத்தியானம் நான் ஒன்று பார்த்தேன். அத்தை கொல்லையில் குந்தியிருந்தாள். முன்னால் பித்தளை அண்டா. கையில் ஆனைநெருஞ்சிக் கொத்து. சுற்றிச் சுற்றித் தண்ணீரைக் கனக்கவைத்து, அதில் சித்தியின் அரக்குக் கல்யாணப் பட்டுச்சேலையை முக்கி முக்கி எடுத்தாள். பட்டின் சாயம் போகாமல் அழுக்கை எடுக்க அந்தக் காலத்தில் அதைவிடக் கிடையாது. நிழலில் காயவைத்து, நீவி மடித்து, சித்தியின் தகரப்பெட்டியில் தானே வைத்தாள். அனுப்புகிறவளும் அவள்தான், அழுக்கெடுத்து அனுப்புகிறவளும் அவள்தான். எது அவள் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அந்த அண்டாவும் இல்லை, பட்டும் இல்லை.

சித்தி திரும்பி வந்தாளா என்று கேட்பீர்கள். வரவில்லை. நிலக்கோட்டைப் பெண்ணும் வரவில்லை. ஆவணியில் ஒரு நாள் சித்தப்பா வேட்டி சட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு, அத்தையிடம் மட்டும் "போறேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஆயக்குடிக்குப் போய்விட்டார். அங்கேயே கொய்யாத் தோட்டம் பார்த்துக்கொண்டு கடைசிவரை இருந்தார்கள். வெள்ளைபடுதல் நின்றது. பிள்ளை பிறக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையென்று இப்போது தோன்றுகிறது. அத்தனை வருஷத்தில் சித்தப்பாவை யாரும் ஒரு மருந்தும் குடிக்கச் சொன்னதில்லை என்பதும் இப்போதுதான் தோன்றுகிறது.

மோர்க்காரம்மா? சித்தி போன பிறகும் எங்கள் தெருவுக்கு வந்தாள். கொஞ்ச நாளில் அவள் தலையில் சின்னக் கலயங்கள் கூடின. ஒவ்வொரு கொல்லைவாசலிலும் ஒன்று இறங்கியது. "எனக்கும் அதே தொந்தரவுதான் மோரு… இல்ல, அக்கா" என்று முதலில் போய்க் கிசுகிசுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பூட்டுக்கடையம்மாதான்.

சித்தி ஆயக்குடிக்குக் கிளம்பிய அன்று, பஸ் ஏற்றிவிட அப்பாவுடன் நானும் போயிருந்தேன். பழனி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கொய்யாக்கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கூட்டத்துக்குள் ஒரு தலை மட்டும் ஆடாமல் வந்தது. மோர்க்காரம்மா. உச்சியில் சின்னக் கலயம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் சுற்றியிருக்கிறாள், விரலெல்லாம் பச்சை வாசம்.

"குடிச்சிரு தாயி. இளகிப்போகும்."

சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே வாங்கிக் குடித்தாள். கலயத்தைத் திருப்பித் தந்தாள். இரண்டு பேர் கையிலும் அது கொஞ்ச நேரம் இருந்தது.

"அங்கயும் வரப்போரம் கெடக்கும் தாயி. ஆளு பாக்காத நேரமாப் பறிச்சுக்க."

பஸ் நகர்ந்தது. சித்தி தலையை வெளியே நீட்டினாள்.

"இனி எதுக்குங்கக்கா ஒளிக்கோணும்? வாசல்ல உக்காந்தே சுத்துவேனுங்க!"